மாடிவீட்டுப் போன்

“கூடத்துல டிவி, அய்யாவோட போன், உங்க போன், பாப்பாவோட டேப்லெட்டு. இது யாருங்க, கடைசியில எழுத்தும் எண்ணுமா நிக்குதே?” என்று அந்த வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கிற கருவிகளின் பட்டியலைத் திரையில் படித்துக் கேட்டுவிட்டு, நெட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வீட்டுக்காரம்மாவைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார்கூட இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கமாட்டார். அந்த அம்மா வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குகிறார். இவர் விடுவதாக இல்லை. கால் மணி நேரம் தேடிய பிறகு ஆள் அகப்படுகிறது. இரண்டு வருடமாக யாரும் தொடாத பிரின்டர், பரண்மேல் பழைய போர்வைக்கு அடியில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.

“தெரியாத ஆளுன்னா பிடிச்சு வெளிய தள்ள வேண்டியதுதானே? இதுக்குப் போய் வீட்டையே கலைக்கணுமா?” என்று அந்த அம்மா அலுத்துக்கொள்கிறார்.

“யாருன்னு தெரியாம தள்ளக் கூடாதுங்க.”

அதற்கு மேல் விளக்கம் கிடையாது. வேறு எதைக் கேட்டாலும் விலாவாரியாகச் சொல்கிற மனிதர், இதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

வயது ஐம்பத்தாறு. பெயர் சொன்னால் பக்கத்துத் தெருவில்கூடத் தெரியாது. நெட்டுக்காரர் என்றால் நாலு பேர் கை காட்டுவார்கள். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச், தோள்பையில் மூன்று கேபிள், ஒரு திருப்புளி, தூசி தட்ட ஒரு பழைய பெயின்ட் பிரஷ். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தால் வேண்டாம் என்பார். “நாற்காலி உருண்டா புத்தியும் சேர்ந்து உருளுதுங்க. ஒரு முக்காலி இருந்தாக் குடுங்க.”

வைத்தியர் மாதிரி முதல் கேள்வி கேட்பார்: “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?” எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுதான். நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, நாங்கள் ஒன்றுமே பண்ணவில்லை. நெட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொள்வார். “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஏதோ ஒண்ணு பண்ணினேன்னு சொன்ன ஆளை இன்னும் பார்க்கலை.”

அடுத்தது ரவுட்டரைத் தேடும் படலம். அதை மனிதர்கள் எங்கெல்லாம் ஒளித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு பகல் பேசுவார். மீன் தொட்டிக்குப் பின்னால், ஆளுயரக் கண்ணாடிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குள். ஒரு வீட்டில் இரும்பு பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்களாம். கேட்டால், திருடன் வந்தால் என்ன செய்வது என்றார்களாம். “திருடனுக்குக் கிடைக்காதுதான். உங்களுக்கும் கிடைக்காது.” ரவுட்டரைக் கண்டுபிடித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை அதன்மேல் வைப்பார். சுட்டால் காற்றோட்டமாக உயரத்தில் தூக்கி வைப்பார். பாதி வீடுகளின் வியாதி அத்தோடு தீர்ந்துவிடும்.

தீராதது அப்டேட். முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றுவிட்டது என்று பதறிப்போய் கம்ப்யூட்டரின் கழுத்தை நெரித்து அணைத்துவிடுகிறவர்கள் மேல் அவருக்குத் தீராத கோபம் உண்டு. “வேகற சட்டியைத் தொறந்து தொறந்து பார்த்தா எப்படிங்க வேகும்? அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க போய் ஒரு குளியலைப் போட்டுட்டு வாங்க.” அதைவிடக் கோபம், ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை மாதக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள் மேல். தள்ளிப்போட்ட அப்டேட் எல்லாம் சேர்ந்து ஒருநாள் மொத்தமாக வந்து இறங்கும்போது கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிடும், நெட் படுத்துவிடும். அப்போதுதான் இவருக்குப் போன் வரும்.

சில சமயம் அப்டேட் முடிந்த கையோடு கம்ப்யூட்டருக்கு வைஃபை என்றால் என்னவென்றே மறந்துபோகும். அந்தக் குறியே திரையில் இருக்காது. அதைத் திரும்ப வரவழைக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அது நெட்டில்தான் இருக்கிறது. “சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க, பார்த்தீங்களா?” என்று சிரித்துக்கொண்டே தன் போனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, அந்த வழியாக மென்பொருளை இறக்கிப் போடுவார். குறி திரும்பி வந்ததும், “வா ராசா, எங்க போயிருந்த?” என்று அதனிடமே குசலம் விசாரிப்பார்.

இவ்வளவு கலகலப்பான மனிதர், கருவிகளின் பட்டியலைத் திறக்கும்போது மட்டும் ஏன் கோயில் வாசலுக்கு வந்தவர்போல அடங்கிப்போகிறார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதை அவர் வெகுநாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மாடிவீட்டுக்குப் போனார். கீழே தம்பி குடும்பம், மேலே அண்ணன். இது அவருக்கு அப்போது தெரியாது. தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அப்டேட் இரண்டு நாளாக இறங்கிக்கொண்டே இருக்கிறது, முடிந்தபாடில்லை என்றார். நெட்டுக்காரர் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஏழு கருவிகள். வீட்டில் இருந்ததோ ஆறு.

“உங்க நெட்டை யாரோ திருடறாங்க சார்.”

தம்பி திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். “இருந்துட்டுப் போகட்டும், விடுங்க” என்றார்.

அந்தச் சொல் நெட்டுக்காரர் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. விவரம் தெரியாத அப்பாவி மனுஷன், நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தொழில் தெரிந்தவனுக்கு வருகிற திமிர் அது. தம்பி உள்ளே போன நேரம் பார்த்து ஏழாவது கருவியைத் தடுத்தார். போதாததற்குப் பாஸ்வேர்டையும் மாற்றி, வீட்டில் இருந்த ஆறு கருவிகளிலும் புதியதைத் தானே போட்டுக்கொடுத்தார். அப்டேட் மளமளவென்று இறங்கியது. கேட்காத வேலையையும் செய்து கொடுத்த பெருமையோடு சைக்கிளில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து போன். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. “அன்னிக்கு எதையாவது மாத்தினீங்களா? மாடியில எங்கண்ணன் இருக்கார். அவருக்கு நெட்டு வரலையாம். அண்ணன் பொண்ணு வந்து எங்க வீட்டுல கேட்டுட்டுப் போச்சு.”

அந்த ஏழாவது கருவி யாருடையது என்று அப்போதுதான் நெட்டுக்காரருக்குப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. “நான் ஒண்ணும் பண்ணலைங்க. அப்டேட்ல மாறியிருக்கும். இப்பல்லாம் பாதுகாப்புக்காக அதுவாவே பாஸ்வேர்டை மாத்திடுது சார்.”

இந்தத் தொழிலில் யாருக்கும் நோகாத பதில் ஒன்று உண்டென்றால் அதுதான். எது கெட்டாலும் பழியை அப்டேட் தலையில் கட்டிவிடலாம். அது திரும்பிப் பேசாது. தம்பியும் நம்பினார். “அப்படியா, சரிங்க” என்று போனை வைத்தார். நெட்டுக்காரரும் அதை மறந்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் ‘வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்கியது. எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தார். அண்ணன் தம்பிக்கு வீட்டுப் பங்கில் மனஸ்தாபம், மூன்று வருடம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, பெரியவர் போன வருடம் பெண் வீட்டோடு போய்விட்டார் என்றார் இஸ்திரிக்காரர். “என்ன சண்டைன்னாலும் தம்பி நெட்டு கனெக்ஷனை மட்டும் வெட்டாமத்தான் வச்சிருந்தாரு. அப்புறம் அதையும் வெட்டிட்டாருன்னு பேச்சு. மறு மாசமே பெரியவர் சாமானை ஏத்திட்டாரு.”

நெட்டுக்காரர் அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தார். ஒரே கூரையின் கீழ் பேச்சில்லாமல் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தம்பி வெட்டவில்லை. அண்ணன் வேண்டாம் என்று வைராக்கியம் காட்டவில்லை. அதைத்தான் இவர் திருட்டு என்று சொல்லி அறுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்துதான் வீடு வீடாக இந்த “இது யாருங்க?” கேள்வி.

இத்தோடு முடிந்திருந்தால்கூட ஆறியிருக்கும். இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை தம்பியிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. அப்டேட் ஆனதிலிருந்து வைஃபை குறியைக் காணோமாம். போகாமல் தட்டிக்கழிக்க என்னென்னவோ யோசித்தார். கடைசியில் போனார். முக்காலியைப் போட்டுக்கொண்டு, தன் போனை இணைத்து, மென்பொருளை இறக்கினார். குறி வந்தது. அன்றைக்கு அதனிடம் ராசா என்றெல்லாம் பேசவில்லை.

தம்பி பக்கத்தில் நின்றபடி தானாகவே பேசினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“எங்கண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன், வர்ற வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். எங்க வீட்டுல அண்ணன் பொண்ணுகிட்ட எப்பவாவது பேசுவா, அப்படித்தான் தெரிஞ்சுது. நான் கூப்பிட்டா எடுக்கமாட்டார். என் நம்பரையே தடுத்து வச்சிருக்கார்.”

“நேர்ல போகலாமே சார்?”

“வந்தா மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொல்லியனுப்பிட்டாரே. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ, அன்னிக்கு அப்டேட்ல மாறிடுச்சுன்னு சொன்னீங்கள்ல? அதை அப்படியே அண்ணன் பொண்ணுகிட்ட சொல்லி, என் போன்ல பார்த்துப் புது பாஸ்வேர்டையும் எழுதிக் குடுத்தனுப்பினேன். மூணு வருஷம் கழிச்சு நான் அவருக்குச் சொல்லியனுப்பின முதல் வார்த்தை அதுதான். அவர் முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல லைன் பார்த்தவர், லைன் சரியானா ரிசீவர்ல ரெண்டு தட்டுத் தட்டித்தான் தெரிவிப்பார். ‘லைன் தானா அறுந்துச்சுன்னு என்கிட்டயே சொல்றானா? வெட்டினதைக்கூட மன்னிப்பேன், இந்தப் பொய்யை மன்னிக்கமாட்டேன்’னு சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாராம்.” தம்பி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “நான் பொய் சொல்லலைங்க. ஆனா அதை அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?”

அந்த இடத்தில் நாலு வார்த்தை போதும். நான்தான் பண்ணினேன் சார் என்றால் முடிந்தது. நெட்டுக்காரர் கேபிளைச் சுற்றினார். பிரித்தார். மறுபடியும் சுற்றினார். பெரியவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு வங்கி ஊழியர் வீட்டில் வேலை இருந்தது. புதன்கிழமை வேலை ஒன்றும் இல்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். “ஊருக்கெல்லாம் தள்ளிப்போடாதேன்னு பாடம் எடுக்கறீங்க. வெள்ளிக்கிழமைக்கப்புறம் போயி அந்த மனுஷன்கிட்ட என்னத்தைக் கேட்பீங்க? கிளம்புங்க முதல்ல.” வியாழக்கிழமை காலை சட்டை மாற்றிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனார். இரண்டு பஸ் வந்து போயின. ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய் நோயாளியைக் கலவரப்படுத்தலாமா என்று தனக்குத் தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு திரும்பிவிட்டார். மனிதனுக்குக் கோழைத்தனம் வந்தால் அது இரக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஒரு வீட்டில் ரவுட்டரைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆணியை நாலு தடவை தவறவிட்டார்.

மூன்று வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கம்ப்யூட்டர்களோடும் பேசவில்லை. மனைவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுந்தவர் பல் விளக்கிய கையோடு கிளம்பிவிட்டார். தோள்பையை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தது அண்ணனின் மகள். “உங்க பழைய வீட்டுல நெட்டு வேலை பார்த்தவன்மா. அய்யாவைப் பார்க்கணும்” என்றார். அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பெரியவர். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. மடியில் ஒரு நோட்டும் பென்சிலும். தம்பியின் அதே நெற்றி, அதே மூக்கு. நாற்காலியைக் காட்டினார். நெட்டுக்காரர் உட்காரவில்லை.

“அய்யா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மாடியில உங்க போனுக்கு நெட்டு வராமத் தடுத்தது நான். பாஸ்வேர்டை மாத்தினதும் நான்தான். உங்க தம்பி சொல்லி இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் அவர் கேட்டப்ப, அப்டேட்ல மாறிடுச்சுன்னு பொய் சொன்னதும் நான்தான். அவர் அதை நம்பி உங்களுக்குச் சொல்லியனுப்பிட்டார்.”

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காக ஐந்து வருடம் எடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மகள், “இதை ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

பெரியவர் நோட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார். *தடுக்கும்போது அவன் இருந்தானா?*

“இருந்தார் அய்யா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. யாரோ உங்க நெட்டைத் திருடறாங்கன்னு சொன்னேன்.”

*என்ன சொன்னான்? அவன் சொன்னபடியே சொல்.*

“‘இருந்துட்டுப் போகட்டும், விடுங்க’ன்னார்.”

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்தார். விரலை ஆட்டி, இன்னொரு தடவை சொல் என்றார். நெட்டுக்காரர் சொன்னார். மறுபடியும் விரல் ஆடியது. மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, ஆனாலும் பெரியவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார்.

பிறகு தலையணைக்கு அடியில் துழாவித் தன் போனை எடுத்து நீட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. நெட்டுக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தடுத்த எண்களின் பட்டியலைத் திறந்தார். அதில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டார்.

“கூப்பிடட்டுமா அய்யா?”

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் தலையசைத்தார். நெட்டுக்காரர் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தார். நாலு தடவை மணி அடித்தது.

“அண்ணே?”

ஏதோ நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். “அண்ணே, நீங்கதானா? அண்ணே?”

பெரியவரின் உதடுகள் அசைந்தன. காற்று மட்டும் வந்தது. அந்தப் பக்கம் தம்பி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “யாருங்க? அண்ணன் போன்லேர்ந்து யாரு பேசறீங்க?” என்றது அந்தக் குரல், பயந்துபோய்.

நெட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அண்ணன்தான் சார், இங்கேதான் இருக்கிறார் என்று சொல்வதற்காகப் போன் பக்கமாகக் குனிந்து வாயைத் திறந்தார். பெரியவர் சட்டென்று இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினார். பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலை மடக்கி, நகத்தால் அதன்மேல் இரண்டு தடவை தட்டினார்.